ரெண்டு பல் போட்ட நாய்க்குட்டி

நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு நாய்க்குட்டிகளை அடித்துக் கொன்றிருந்தார்கள். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, வெட்டிக்கொண்டிருந்த கரும்புக் கொல்லையில், உரித்துப் போட்ட காய்ந்த இலைச் சோகைக் குவியலுக்குப் பக்கத்தில் மண்டை பிளந்து கிடந்தன. மூன்றாவதை ஆட்டுக்காரர் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். கையில் மண்வெட்டிப் பிடி. தாய் நாய் வரப்பில் நின்று தொண்டை கிழியக் குரைத்தது. அது கிட்டே வரும்போதெல்லாம் வெட்டாட்கள் கல்லை விட்டெறிந்தார்கள்.

மாட்டாஸ்பத்திரியில் நான் உதவியாளர். தீபாவளியிலிருந்து நாலு மாசமாக அவருடைய பட்டியில் ஆட்டுக்குட்டிகள் கழுத்து குதறப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். போன வாரம் அவருடைய ஆடு ஒன்றின் கிழிந்த தொடைக்குத் தையல் போட டாக்டருக்குக் கைகொடுத்தவள் நான்தான். அவர் கோபம் புரியாமல் இல்லை. அதற்காக ஒரு குட்டியின் விலா நொறுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

“காலை எடுங்க!” என்று கத்தினேன்.

“நீங்களே பாருங்கம்மா,” என்று குனிந்து அதன் வாயைப் பிளந்தார். “ரெண்டு பல்லு போட்டுக்கினு இருக்குது. ஒரு வயசு தாண்டிடுச்சி. இதுங்கதான் இத்தினி நாளா கடிச்சிக்கினு இருந்துச்சுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது ஆட்டுக்குப் பார்க்கிற கணக்கு. சந்தையில் ஆட்டின் கீழுதட்டை விலக்கிப் பார்த்து, நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் வயசு ஒன்றுக்கு மேல் என்பார்கள். அதே கணக்கை நாய்க்குப் போட்டு இரண்டு உயிரை எடுத்திருக்கிறார் மனிதர்.

பிடித்துத் தள்ளினேன். சோகையில் மல்லாந்து விழுந்தார். குட்டியை வாரி எடுத்ததும் அது என் கட்டை விரலைக் கடித்தது. ரத்தத்தைத் துடைக்காமல் அதன் உதட்டை விலக்கிக் காட்டினேன்.

“நாய்க்கு இந்த ரெண்டு பல்லு நாலாம் மாசமே வந்துடுங்க. கோரைப்பல்லப் பாருங்க, இன்னும் பால்பல்லு. தீபாவளிக்கு இது கண்ணுகூட தெறந்திருக்காது. இதுவா உங்க ஆட்டைக் கடிச்சிது?”

அவர் எழுந்து வந்து பார்த்தார். பிறகு செத்த குட்டி ஒன்றின் வாயையும் திறந்து பார்த்தார். அதிலும் அதே இரண்டு பல், அதே பால் கோரை. ஜெயித்துவிட்டேன் என்று வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

“நீங்க சொல்றது சரிதாங்க. இதுங்க இல்ல,” என்றார். பிறகு வரப்பில் நின்ற தாயைப் பார்த்தார். “அப்ப அதுதான்.”

குட்டி என் கையில் கத்தியதால் தாய் என்னை நோக்கித்தான் ஓடி வந்தது. கல் பட்டும் நிற்கவில்லை. மண்வெட்டிப் பிடியின் முதல் அடியில் இடுப்பு முறிந்தது. முன்னங்காலால் இழுத்துக்கொண்டு என் காலடிக்கு வரப் பார்த்தது. நான் “வேணாங்க, வேணாங்க” என்று அலறிக்கொண்டு அவர் கையைப் பிடிப்பதற்குள் இரண்டாவது அடி தலையில் விழுந்தது.

அது ஆட்டைக் கடித்ததை யாரும் பார்த்ததில்லை. வயசைச் சொல்லி அதன் பக்கம் கை காட்டியவள் நான்.

அவர் மண்வெட்டிப் பிடியைச் சோகையில் துடைத்தார். “கையைக் கழுவிக்கோங்கம்மா,” என்றார். “ரத்தம் ஜாஸ்தியா வருது.”