தலைகீழாய் நின்ற திரைகள்

கணினி பழுதுபார்க்கிறவளுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை, பழுதே ஆகாத கணினிகளுக்காகத்தான் வருகின்றன. அதிலும் திரை திரும்பிக்கொள்ளும் கேஸ் இருக்கிறதே, அது தனி ரகம். உங்களுக்கும் நடந்திருக்கும். கீபோர்டைத் துணியால் துடைத்திருப்பீர்கள், இல்லை பூனை நடந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால் திரை கவிழ்ந்து கிடக்கும். நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை என்று சத்தியம் செய்வீர்கள். நானும் நம்புவேன். பிரிக்ஃபீல்ட்ஸில் கடை போட்டு ஒன்பது வருடமாக நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

லோரிக்காரர் பிடித்த திரை

பண்டமாரானில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சரக்கு ஏஜென்சி. அங்கே கிராணியாக, குமாஸ்தா வேலையில் இருக்கும் செல்வி காலை பதினொன்றரைக்குப் போன் செய்தாள். "அக்கா, ஸ்கிரீன் தலகீழா நிக்குது. பன்னெண்டுக்குள்ள கஸ்டம்ஸ் ஃபாரம் அனுப்பலன்னா இன்னைக்கு கன்டேய்னர் வெளிய வராது. லோரிக்கார அண்ணே முன்னாடியே நிக்கிறாரு." நான் கிளம்பினால் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும். கண்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். அந்த மெஷினில் அது வேலை செய்யவில்லை. மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி இடப்பக்கம் ஓடியது. செல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

மணியம் அண்ணே, அந்த லோரி டிரைவர்தான், ஒரு யோசனை செய்தார். மானிட்டரைத் தூக்கிக் கவிழ்த்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். இப்போது எழுத்து நேராகத் தெரிந்தது. நான் சொல்லச் சொல்ல, செல்வி செட்டிங்கில் போய்த் திசையை மாற்றினாள். உடனே "அய்யோ அக்கா, மறுபடியும் கவுந்திருச்சு!" என்று கத்தினாள். கவிழாமல் என்ன செய்யும்? திரை நேராகிவிட்டது, மானிட்டர்தான் அவர் கையில் தலைகீழாக இருந்தது. அதை நான் விளக்கி முடிப்பதற்குள் 'மாற்றத்தை வைத்துக்கொள்ளவா' என்று கணினி கேட்டு, பதில் வராததால் பழையபடி திருப்பிவிட்டது. இரண்டாம் தடவை "இப்ப!" என்று நான் போனில் கத்த, அவர் மானிட்டரைச் சட்டென்று மேஜையில் நேராக வைக்க, செல்வி 'வைத்துக்கொள்' என்பதை அழுத்திவிட்டாள். ஃபாரம் பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது போனது. மணியம் அண்ணே போனை வாங்கிச் சொன்னார்: "தங்கச்சி, நான் நாப்பதடி கன்டேய்னர் இழுக்கிறவன். இந்தச் சின்ன டிவிய புடிச்சு நின்னதுலதான் எனக்குக் கை நடுங்கிருச்சு."

பொருத்தம் பார்த்த நேரம்

என் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு ஜோசியர். ஒரு நாள் அவரே வேகமாக நடந்து வந்து கூப்பிட்டார். பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தடிமனான பஞ்சாங்கத்தைக் கீபோர்டின்மேல் வைத்திருக்கிறார். இரண்டு ஜாதகமும் திரையில் கவிழ்ந்துவிட்டன. மாப்பிள்ளையின் அம்மா முகம் இருண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "சகுனமே சரியில்ல, வேற இடம் பாப்போம்." பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஜோசியர் சேர்த்துவைத்த ஜோடி இல்லை என்பது எனக்கே புரிந்துவிட்டது.

நான் திரையை நிமிர்த்தினேன். அதோடு விடாமல், "ஆன்டி, நான் இந்த ரெண்டு கீய புடிச்சுக்குறேன், அம்பு கீய நீங்களே அமுக்கிப் பாருங்க" என்றேன். முதலில் மாட்டேன் என்றார். அப்புறம் ஒரு விரலால் தொட்டார். கவிழ்ந்தது. இன்னொன்றை அழுத்தினார். நிமிர்ந்தது. மறுபடி கவிழ்த்தார், நிமிர்த்தினார். ஐந்தாவது தடவை சிரித்தேவிட்டார். கைப்பை மடிக்கு வந்தது, தேதி குறித்தார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தேங்க்ஸ்கா. ஆனா இனிமே நான் வீட்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா, ஸ்கிரீன கவுத்துப் பாக்க அத்தைதான் மொத ஆளா வந்து நிப்பாங்க."

பூச்சோங் டீச்சர்

பூச்சோங்கில் ஓர் ஆசிரியை, திரை பக்கவாட்டில் சாய்ந்து போனதைப் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று தலையைச் சாய்த்தபடியே மாணவர்களின் மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கழுத்து வலிக்கு கிளினிக் வேறு போய் வந்திருக்கிறார். நான் இரண்டு நொடியில் திருப்பி வைத்ததும் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கழுத்த ஸ்கேன் எடுக்க வாங்கின அப்பாய்ன்மென்ட்ட கேன்சல் பண்ணிடவா?"

செராஸ் அங்கிள்

போன மாதம் செராஸிலிருந்து மாலதி என்ற பெண் ஆபீஸிலிருந்தபடியே கூப்பிட்டார். "நேத்து அப்பா தூங்கும்போது பாத்தேன், அவரோட லேப்டாப் ஸ்கிரீன் பக்கவாட்டுல திரும்பிக் கெடக்கு. பாவம், எப்படித்தான் பாக்குறாரோ." நான் போனபோது வீட்டு வேலை செய்யும் அம்மா கதவைத் திறந்தார். பெரியவர் பக்கத்து அறையில் உடற்பயிற்சிக்குப் போயிருந்தார். கட்டிலருகே ஒரு ஸ்டூலில் லேப்டாப், அதில் பாதி ஆடிய செஸ் ஆட்டம். திரையை நேராக்கினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாவும் பயிற்சி கொடுப்பவரும் அவரைப் பிடித்து அழைத்துவந்து, இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தவர். இன்னும் சில வாரங்களுக்கு அந்தப் பக்கம்தான் படுக்க வேண்டுமாம். திரையைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. படுத்திருக்கிறவருக்கு நேராகத் தெரியட்டும் என்று அவரேதான், போனில் தேடித் தேடி இரண்டு நாள் பாடுபட்டு, திரையைச் சாய்த்து வைத்திருக்கிறார். அதற்கு முந்தின வாரம் முழுக்கச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆன்லைனில் கூட ஆடும் கிள்ளான் பழைய சகா, இவர் அடுத்த காயை நகர்த்துவதற்காகக் காத்திருந்தார். எனக்குக் காது சுட்டது. "சாரி அங்கிள்" என்று பழையபடி சாய்த்து வைத்தேன். அவர் குதிரையை நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் எதிராளியிடமிருந்து பதில் வந்ததும் கண் சிரித்தது. என்னைத் தேநீர் குடிக்காமல் விடவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கணும்லா. கெட்டுப்போனது ஸ்கிரீன் இல்லம்மா, என் இடுப்பு."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், திரை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், ஆள் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்றுதான் பார்க்கிறேன்.