எதிர் வீட்டுக் கதவு

அஸ்தினாபுரத்தில் எங்கள் மாடியிலேயே எதிர் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். ஈரத் தலையில் எப்போதும் துண்டு கட்டியிருப்பார். பகல் முழுக்க அவர் வாசல் கதவு திறந்தே கிடக்கும். யார் யாரோ உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள். எனக்கு வயிறு எரியும். நான் வளர்ந்த குரோம்பேட்டை அடுக்ககத்தில், போன் செய்யாமல் யாரும் வரமாட்டார்கள்.

“தொறந்தே போட்டிருக்கீங்களே, பயமா இல்லையாக்கா?” என்றேன் ஒருநாள்.

“இன்னா பயம்? பள்ளிக்கரணைல நாங்க இருந்த லைன் வூட்ல, கதவு சாத்தியிருந்தாதான் யாருக்கு இன்னா ஆச்சோன்னு எல்லாரும் ஓடியாருவாங்கம்மா.”

மறுநாள் மாலை நானும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். அவர் வீட்டுக்கு வந்த ஒரு பெண் நின்று எட்டிப் பார்த்தாள். ஆசையாக எழுந்தேன்.

“கதவை மூட மறந்துட்டீங்க மேடம்” என்று சொல்லி, அவளே பதவிசாகச் சாத்திவிட்டுப் போனாள்.