பிரித்த பெட்டி திரும்ப வாங்கப்படும்

கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கிற கடைக்கு எதிரி எதிர்க்கடைக்காரர் இல்லை. பெட்டியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிற கம்பெனிதான். ஆசையாக ஒரு விளையாட்டை வாங்கிப்போய், அது ஓடாமல் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இல்லாதவர் இதைப் படிக்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு கடை வைப்பதற்கு முன் பதினாறு வருஷம் நூற்பாலை ஒன்றில் இருந்தேன். அதில் பதினோரு வருஷம் சங்கச் செயலாளர். கடைசி வேலைநிறுத்தம் தோற்றபோது எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், என்னைத் தவிர. அதற்கு நானே சம்மதித்தேன் என்பதைத் திரும்பப் போனவர்கள் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரை. மிச்சத்தைத் துண்டறிக்கைகளில் படித்தேன். தொண்ணூற்றாறில் என் மைத்துனர், காரைக்குடி செக்காலை ரோட்டில் இருந்த தன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் முன்னறையைக் கொடுத்தார். பிள்ளைகளின் படிப்புக்கு என்று கம்ப்யூட்டர் வாங்கிப் பெரியவர்கள் விளையாடிக்கொண்டிருந்த காலம் அது. சென்னை விநியோகக் கம்பெனி ஒன்றிடம் சி.டி.க்கள் எடுத்து விற்க ஆரம்பித்தேன்.

சேலைக்கடை நியாயம்

அருளப்பன் சார் கிறிஸ்தவப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை வாங்கிப்போனவர், மறுநாள் சாயங்காலம் அதே பெட்டியோடு வந்தார். படம் வருகிறதாம், கார் நகரவில்லையாம். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். பதினாறு எம்.பி. மெமரி வேண்டும் என்று எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தது. அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது எட்டு. நான் கம்பெனியின் விதித்தாளை எடுத்துக் காட்டினேன். உறை பிரித்த பெட்டியை எக்காரணம் கொண்டும் திரும்ப வாங்கக் கூடாது.

ஆலை நிர்வாகம் ஒட்டிய நோட்டீசை நானே எடுத்துப் படிப்பதுபோல் இருந்தது. அவரும் கோபப்படவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் காட்சி என்றால் ஜவுளிக்கடையிலிருந்து பத்து இருபது சேலையை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் விரித்து, தோளில் போட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம். அதைத்தான் அவர் நினைவுபடுத்தினார்: "இருபது சேலைய நம்பி வீட்டுக்கு அனுப்புறாக. மடிப்புக் கலைஞ்சாலும் மூஞ்சி சுளிக்காம வாங்கிக்கிறாக. நீங்க ஒரு சி.டி. தட்டக் குடுத்து நம்ப மாட்டீகளா, தோழர்?"

எழுதிப் போட்டது

அன்றைக்கே ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன்: 'வீட்டில் ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் இரண்டு நாளில் கொண்டுவாருங்கள். பிரித்த பெட்டி திரும்ப வாங்கப்படும்.' வந்த பெட்டிகளைத் தனி அலமாரியில் வைத்து, பிரித்தது என்று சொல்லியே விலை குறைத்து விற்றேன். படியெடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பித் தர, தட்டைப் படியெடுக்கும் கருவி அப்போது ஊரில் யாரிடமும் இல்லை. இருந்திருந்தாலும் அட்டையைக் கழற்றியிருக்க மாட்டேன்.

அதோடு ஒரு துண்டறிக்கையும் போட்டேன். எந்த விளையாட்டுக்கு எவ்வளவு மெமரி வேண்டும், எது பெட்டியில் சொல்லப்படாமல் மறைக்கப்பட்டிருக்கிறது என்று இரண்டு பக்கம் சைக்ளோஸ்டைல் எடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் வாங்குவோரின் வரலாற்றுக் கடமை பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டியிருந்தது. தேவகோட்டையிலிருந்து வந்த வங்கி குமாஸ்தா ஒருவர் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்து முடித்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாஞ் சரிண்ணே. இதுல எத வாங்குனா ஜாலியா இருக்கும்னு எங்குட்டு எழுதியிருக்கீக?"

பக்கம் பதினாலு, மூன்றாவது வரி

கோட்டையூர் மெய்யம்மை ஆச்சிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கணவர் மலேசியாவில். பெரிய வீட்டில் வேலையெல்லாம் முடிந்தபின், ஊரைக் கட்டுகிற விளையாட்டு ஒன்றை ஆடுவார். ரோடு போட்டு, தண்ணீர்க் குழாய் பதித்து, வரி போட்டு, ஜனங்களைக் குடிவைப்பது. அந்த விளையாட்டுக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொரு முறை திறக்கும்போதும், 'கையேட்டில் இத்தனாவது பக்கம், இத்தனாவது வரியில் உள்ள சொல் என்ன?' என்று கேட்கும். சரியாகச் சொன்னால்தான் உள்ளே விடும். திருட்டு நகல் வைத்திருப்பவனிடம் கையேடு இருக்காது என்பது கம்பெனியின் கணக்கு. நகல் எடுக்கிறவன் அந்தக் கேள்வியையே பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் விற்பான் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஆச்சியின் கையேடு காணாமல் போய்விட்டது. கம்பெனிக்கு எழுதினோம். இன்னொரு பெட்டி வாங்கச் சொன்னார்கள். கடைக்கென்று வைத்திருந்த கையேட்டுப் பிரதி ஒன்று என்னிடம் இருந்தது, ஜெராக்ஸில் விழாத கறுஞ்சிவப்புத் தாள். அதனால் தினமும் மூன்று மணிக்கு ஆச்சி போன் செய்வார். பக்கமும் வரியும் சொல்வார். நான் அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்வேன். அவருடைய ஊரில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று நான் விசாரிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒருநாள் போனை வைக்குமுன் ஆச்சி சொன்னார்: "காசு குடுத்து வாங்குனவ நானு. நீ திருடியா திருடியான்னு தெனமும் என்னயத்தேண்ணே கேக்குது இது."

பதில் வந்தது

இதைப் பற்றியெல்லாம் கம்பெனிக்கு நான் எழுதிய கடிதங்கள் ஒன்பது. ஆலை முதலாளிகூட மூன்றாவது கடிதத்துக்கு ஆள் அனுப்பி மிரட்டினார். அதிலே ஒரு மரியாதை இருந்தது. இவர்கள் ஒன்பதாவதற்குப் பிறகு ஒரு பார்சல் அனுப்பினார்கள். உள்ளே கம்பெனி பெயர் போட்ட ஒரு தொப்பியும், 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று அச்சடித்த அட்டையும் இருந்தன. வேறொன்றுமில்லை. பெட்டியைத் தலைகீழாகத் தட்டியும் பார்த்தேன். கையெழுத்து வாங்க நின்றிருந்த தபால்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "விடுங்கண்ணே, வெயிலுக்கு ஆகும்."

எதிர்க்கடை

தொண்ணூற்றெட்டில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சொக்கலிங்கம் கடை திறந்தார். சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர். கண்ணாடிக் கதவு, ஏ.சி., இரண்டு கம்ப்யூட்டர்களில் எப்போதும் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் என்னைவிடக் கொஞ்சம் விலை குறைவு. ஆனால் பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டார். அதனால் ஜனங்கள் அங்கே நின்று ஆடிப் பார்த்துவிட்டு, இங்கே வந்து வாங்கினார்கள். இரண்டு பேருமே பிழைத்தோம்.

பிறகு ஒரு போர் விளையாட்டு வரப்போகிறது என்று பேச்சு வந்தது. ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அத்தனை பேரும் அதற்குக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கம்பெனிப் பிரதிநிதி சென்னையிலிருந்து வந்தார். அந்த விளையாட்டு ஒரு வருஷத்துக்குச் சொக்கலிங்கம் கடையில் மட்டும்தான் கிடைக்குமாம். மாவட்டத்தில் வேறு யாருக்கும் கிடையாதாம். என் அட்டையைக் கழற்றினால் எனக்கும் கொடுக்கப் பேசிப்பார்ப்பாராம். பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்குவது கம்பெனியின் பெயருக்குக் கெடுதலாம். அந்த விளையாட்டு இல்லாமல் என் கடை ஓடாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாங்குகிறவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை: "நெனச்சிட்டுப் போகட்டும் சார். கேம் எங்க இருக்கோ, அங்கதானே வரப்போறாங்க?"

தீர்மானம்

அட்டையை நான் கழற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டைப்ரைட்டிங் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுக் கூட்டம் போட்டேன். முப்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். ஆலைக் கூட்டங்களுக்கு இத்தனை பேர் குளித்துவிட்டு வந்ததில்லை. முக்கால் மணி நேரம் பேசினேன். இரண்டு கடைக்கும் விளையாட்டைக் கொடுக்கும்வரை, அல்லது எதிர்க்கடையும் பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க ஒப்புக்கொள்ளும்வரை, யாரும் அதை வாங்குவதில்லை என்று தீர்மானம். எதிர்ப்பே இல்லை. முதல் கையெழுத்து அருளப்பன் சார். சிவப்பு மையில், அடிக்கோடு வேறு போட்டார்.

விளையாட்டு வந்த வெள்ளிக்கிழமை காலை நான் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கே கண்ணாடிக் கதவுக்கு முன் வரிசை நின்றது. தீர்மானத்தில் கையெழுத்து இருந்த வரிசைக்கும் இந்த வரிசைக்கும் பெரிய வித்தியாசமில்லை. சிலர் குடையைச் சாய்த்துப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள், வெயிலே வரவில்லை. அருளப்பன் சார் மட்டும் பெட்டியை மறைக்காமல் ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். அவர் சொன்னது: "அன்னைக்குப் போட்ட கையெழுத்து கொள்கைக்கு. அதுல எனக்கு மாத்தமே இல்ல, தோழர். இது வெளாட்டு."

கூப்பிட்டார்கள்

திங்கட்கிழமை அதே கூட்டம் அதே கதவுக்கு முன் நின்றது. இந்த முறை யார் கையிலும் குடை இல்லை, பெட்டி இருந்தது. விளையாட்டு ஓடவில்லை. தனியாக ஒரு டிஸ்ப்ளே கார்டு வேண்டுமாம். ஊரில் அது இரண்டோ மூன்றோ கம்ப்யூட்டர்களில்தான் இருந்தது. பெட்டியின் அடியில் வழக்கமான எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். சொக்கலிங்கம் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அருளப்பன் சார் ரோட்டைக் கடந்து வந்து, நீங்கள் வந்து பேச வேண்டும் என்றார். போகக் கூடாது என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நான் முன்னே நின்ற கூட்டம் என்னை விட்டுவிட்டு உள்ளே போனதும், பிறகு வந்து கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை என்றில்லை. எழுந்து போனேன்.

உள்ளே சொக்கலிங்கம் எனக்கு நாற்காலி போட்டார். கம்பெனிக்காரர்கள் எல்லாப் பெட்டிக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறார்கள், ஒன்றைக்கூடத் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்றார். மனிதர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது தெரிந்தது. கோஷம் போடத்தான் போயிருந்தேன், போட முடியவில்லை. வேறு விளையாட்டை மாற்றிக் கொடுங்கள், இந்தப் பெட்டிகளைப் பிரித்தது என்று சொல்லியே ஒரு அலமாரியில் வையுங்கள், கார்டு உள்ளவர்கள் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருவார்கள், விலை மட்டும் குறையும் என்றேன். இப்படித் திரும்ப வாங்கினால் கம்பெனி தன்னையும் ஒதுக்கிவிடாதா என்று கேட்டார். ஒப்பந்தத்தை எடுக்கச் சொல்லி வாசிக்கவைத்தேன். ஒரு வருஷத்துக்கு இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று அவர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இவரை விட்டால் அந்த விளையாட்டை விற்க அவர்களுக்கு இங்கே வேறு கடை கிடையாது. அவர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்: "என்னயத் தனியாளாக்குறேன்னு அவுக கையத்தேன் கட்டிக்கிட்டாக. இத மொதல்லயே ஏண்ணே சொல்லாமப் போனீக?"

பலகை

மறுநாள் கண்ணாடிக் கதவில் பலகை ஏறியது. என் வாசகம்தான், ஒரு எழுத்து மாற்றமில்லை. ஆனால் மதுரையில் கொடுத்து எழுதி, பின்னால் விளக்கும் வைத்திருந்தார். பிரதிநிதி வந்து பார்த்துவிட்டு, ஒரு கூல்டிரிங்க் குடித்துவிட்டு, பஸ் ஏறினார் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சரக்கு வருவது மட்டும் நின்றுபோனது. கோரிக்கையில் அதைப் பற்றி நாங்கள் எதுவும் எழுதவில்லை.

ஐந்தாவது மாசம், அலமாரிகளைக் கழற்றிக்கொண்டிருந்த அன்று மெய்யம்மை ஆச்சி வந்தார். கையேட்டுப் பிரதியை அவரிடமே கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு எதிர்ப்பக்கம் கையைக் காட்டி, மனசு நோகாதபடி மெதுவாகத்தான் சொன்னார்: "கோவிச்சுக்காதீகண்ணே. நீங்க சொன்னதெல்லாம் இப்ப அங்குட்டும் நடக்குது. அங்க ஏ.சி.யும் இருக்குதுல்ல?"

நான் நடத்திய போராட்டங்களில் கோரிக்கை முழுவதும் நிறைவேறியது இது ஒன்றுதான் என்பதால், என் கடையை மூட வேண்டியிருந்ததைத் தோல்விக் கணக்கில் சேர்க்க எனக்கு உரிமையில்லை.