நடு அறைச் சுவர்

செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் நாங்கள் அந்த வீட்டை வாங்கியபோது அதற்கு அறுபது வயதாவது இருக்கும் என்றார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் கல்பாக்கத்தில் வரைபடம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய் வருவேன். மனைவி பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகளுக்குப் பதிமூன்று வயது.

மூன்று அறைகள் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும் வீடு. முன்னறை, நடு அறை, கடைசியில் சமையலறை. கூரை பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்பில் அடுக்கிக் கட்டியது. எங்களுக்கு முன் இருந்தவர், சுண்ணாம்பு உதிர்கிறது என்று கூரைக்கு ஓரடி கீழே ஹார்ட்போர்டு பலகைகள் அடித்து முன்னறை, நடு அறை இரண்டையும் மூடியிருந்தார். ரயில் போகும்போதெல்லாம் அந்தப் பலகைகளுக்கு மேலே மணல் சரசரவென்று ஓடும். வந்த புதிதில் தூக்கம் கெட்டது. பிறகு பழகிவிட்டது.

முதல் இரண்டு வருடங்களில் வீட்டில் பல வேலைகளை நானே செய்தேன். சமையலறைக்குக் கடப்பைக்கல் அலமாரி வைத்தேன். குழாய் மாற்றினேன். ஜன்னல்களைச் சுரண்டி வார்னிஷ் அடித்தேன். ஒவ்வொன்றும் ஒழுங்காக முடிந்ததில் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதில் கர்வமும் வந்தது. நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்குப் போட வேண்டும். முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் தெருப்பக்க வெளிச்சம் உள்ளே வந்து ஒரே பெரிய ஹாலாகிவிடும் என்று நினைத்தேன்.

ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் இரும்பு கர்டர் போட்டுவிட்டுத்தான் சுவரில் கை வைக்க வேண்டும் என்றார். வேலையைப் பெரிதாக்கப் பார்க்கிறார் என்று எண்ணி அனுப்பிவிட்டேன். முன்னறையில் ஒரு பலகை ஓரத்தில் உடைந்திருந்தது. அதன் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டைகள் இடது பக்கச் சுவரிலிருந்து வலது பக்கச் சுவருக்குப் போயிருந்தன. நான் எடுக்க நினைத்த சுவர் எதையும் தாங்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நடு அறையிலயும் பாத்தீங்களா?"

"ஒரே வீடுதானே" என்றேன்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவளும் மகளும் கூழ் காய்ச்சி, வடாம் பிழிய மொட்டை மாடிக்குப் போனார்கள். மாடிப்படி வீட்டின் பின்பக்கம், வெளியே இருந்தது. அவர்கள் வழக்கமாக வடாம் பிழிவது நடு அறைக்கு நேர் மேலே. அந்தச் சுவரிலிருந்த கதவு நிலையை மட்டும் கழற்றப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நிலையைக் கழற்றினேன். கை நிற்கவில்லை. உளியும் சுத்தியலுமாக இடது பக்கம் கல் கல்லாகப் பெயர்க்க ஆரம்பித்தேன். பழைய சுண்ணாம்பு என்பதால் கற்கள் கையோடு வந்தன. கதவுக்கு மேலே இருந்த விட்டப்பலகை அந்தப் பக்கக் கற்களின் மீதுதான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் கவனிக்காமல் இல்லை. அதற்கு மேலே இருப்பது வெறும் நாலு வரிசைச் செங்கல்தான், கடைசியில் அதையும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுத்தாற்போல இருந்தது. விட்டப்பலகையின் இடது முனை இரண்டு விரல் கீழே இறங்கியது. அதற்கு மேலிருந்த கற்களில் ஒரு கோடு விழுந்தது. நடு அறைப் பக்கத்து ஹார்ட்போர்டு உப்பி, ஆணி பிடுங்கிக்கொண்டு ஒரு மூலை தொங்கியது. அந்த இடைவெளியில் டார்ச் அடித்தேன்.

நடு அறையில் கட்டைகள் வேறு திசையில் போயிருந்தன. சமையலறைச் சுவரில் தொடங்கி நேராக என்னை நோக்கி வந்து, நான் இடித்துக்கொண்டிருந்த சுவரின் மேல் முடிந்தன. வரிசையாகக் கட்டை முனைகள் தெரிந்தன. நடு அறைக் கூரையின் பாதி பாரம் அந்தச் சுவர்மீது இருந்தது.

மாடியில் தட், தட் என்று சத்தம். மகள் கயிறு தாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. வெளியே ஓடி அவர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. சமையலறையிலிருந்து மேசையை இழுத்து வந்தேன். அதன்மேல் ஸ்டூலை வைத்து, கழற்றிப்போட்ட கதவு நிலையின் சட்டத்தை அதன்மேல் நிறுத்தி, விட்டப்பலகையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். சட்டம் அரையடி குட்டையாக இருந்தது. செங்கல் வைத்து உயர்த்தினேன். செங்கல் நகர்ந்தது. மறுபடி அடுக்கினேன். மேலே அந்தத் தட், தட் நிற்கவேயில்லை. ஒவ்வொரு தாவலுக்கும் கோட்டிலிருந்து பொடி கொட்டியது. இதை எப்படியாவது நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அப்போது ரயில் வந்தது. விழுப்புரம் பக்கம் போகும் வண்டி; நிற்காமல் போனது. தரை அதிர்ந்தது. விட்டப்பலகைக்கு மேலிருந்து மூன்று கற்கள் ஒன்றாக விழுந்தன. மேசை மீது வைத்திருந்த ஸ்டூல் சாய்ந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று மேலே பார்த்து, இரண்டு பேரும் முன்பக்கம், கைப்பிடிச் சுவரோரமாக வாருங்கள் என்று கத்தினேன். அவர்கள் இருந்த இடத்திலிருந்து படிக்குப் போக நடு அறைக் கூரை முழுவதையும் கடக்க வேண்டும், முன்னறைக் கூரையோ பக்கச் சுவர்களில் நிற்கிறது, அது விழாது என்பது அந்தப் பதற்றத்திலும் எனக்குப் புரிந்திருந்தது. மனைவி கையில் மாவோடு எழுந்து நின்று பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். "ஓடாதீங்க, மெதுவா நடந்து வாங்க, படிக்கட்டுப் பக்கம் போகாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மகளின் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கீழே போட்டுவிட்டு அவளை முன்னே விட்டு நடத்திக்கொண்டு வந்தாள். இருபது தப்படிகூட இருக்காது. அவர்கள் கைப்பிடிச் சுவரைத் தொட்டபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

தெருமுனையில், கான்கிரீட் போடும்போது முட்டுக் கொடுக்கும் சென்டரிங் சாமான்களை வாடகைக்கு விடும் ஒரு அம்மாள் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கடலோரத்துத் தோப்புகளிலிருந்து வரும் சவுக்குக் கம்புகளை வீட்டெதிரே அடுக்கி வைத்திருப்பாள். என் கூச்சலைக் கேட்டு வந்து, சுண்ணாம்பில் குளித்தவன்போல நின்ற என்னைப் பார்த்தாள். நேராக வாசல் வரை போய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார் பண்ணி வெச்சிகீற" என்றாள். "தாங்கற சொவரு சார் அது."

கர்டர், மேஸ்திரி என்று நான் ஏதோ உளறினேன். அவள் காதில் வாங்கவில்லை. "வூட்ட அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அவங்கள எறக்கு" என்று சொல்லிவிட்டு, அவளே போய் மூங்கில் ஏணியைத் தூக்கி வந்து சாத்தினாள். மகள் சட்டென்று இறங்கிவிட்டாள். மனைவி அதுவரை ஏணியில் கால் வைத்ததே இல்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பி நின்று, முதல் படிக்குக் காலால் துழாவினாள். நான் ஏணியைப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்த பிறகே அவள் அடுத்த படிக்கு இறங்கினாள்.

இறங்கியதும் அவள் மகளை அழைத்துக்கொண்டு எதிர்வீட்டு நிழலில் போய் நின்றாள்.

பிறகு நானும் அந்த அம்மாளும் உள்ளே போனோம். எனக்குப் போகப் பயமாக இருந்தது. அவள் ஒரு தடித்த பலகையையும் மூன்று சவுக்குக் கம்புகளையும் கொண்டுவந்தாள். தொங்கிய ஹார்ட்போர்டைக் கடப்பாரையால் நெம்பி இழுத்தபோது வருடக்கணக்கான மணல் எங்கள் தலையில் கொட்டியது. கண் திறக்க முடியவில்லை. சுவரிலிருந்து ஓரடி தள்ளி, எல்லாக் கட்டைகளுக்கும் குறுக்கே பலகையை வைத்து, அதைக் கம்புகளால் தாங்க வேண்டும். கம்பின் அடியில் ஆப்பு வைத்து அடித்தால்தான் முட்டு இறுகும். இரண்டு கம்புகளைப் பலகைக்கு அடியில் நிறுத்தினோம். நான் கைக்கொன்றாக இரண்டையும் பிடித்துக்கொண்டேன். முதல் ஆப்பை எடுக்க அவள் குனிந்தபோது ஏரிப் பக்கமிருந்து ரயில் ஊதும் சத்தம் கேட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கைய எடுக்காத. வண்டி போவட்டும்."

"நீங்க வெளிய போயிடுங்க" என்றேன்.

"நான் போனா ஒண்டியா பலகைய எப்படிப் புடிப்ப? சொம்மா நில்லு."

பலகையின் மறுமுனைக்கு அடியில் மூன்றாவது கம்பை நிறுத்தி, அவள் அதைத் தோளால் அணைத்துக்கொண்டு நின்றாள். வண்டி நெருங்கியது. என் உள்ளங்கைகளுக்குள் கம்புகள் உயிருள்ளவைபோல் துடித்தன. தலைக்கு மேலே கட்டை ஒன்று முனகியது. கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை பெட்டிகளோ, முடியவே முடியாது என்று தோன்றியது. அதிர்வு மெல்லக் குறைந்து நின்றதும், அவள் ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்து ஆப்பை அடிக்கத் தொடங்கினாள். மூன்றாவது கம்பு இறுகியபோது மணி பத்தரை.

மனைவி அதன் பிறகுதான் உள்ளே வந்தாள். சுவரில் இருந்த ஓட்டையையும், மேசையையும், சாய்ந்த ஸ்டூலையும், சிதறிய செங்கற்களையும் பார்த்தாள்.

"முதல்ல எப்ப சத்தம் கேட்டுச்சு?"

"கேட்டதும்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

அன்று மதியமே அவள் மகளை அழைத்துக்கொண்டு மாமல்லபுரத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோடை விடுமுறை என்பதால் அங்கே யாரும் காரணம் கேட்கவில்லை. நான் சவுக்குக் கம்புகளோடு வீட்டில் இருந்தேன். முன்னறையில்தான் படுத்தேன். ரயில் வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கம்புகளைவிட, நான் சொன்ன பொய்தான் என்னைத் தூங்க விடாமல் செய்தது.

நாலாம் நாள் வேலை முடிந்து கல்பாக்கத்திலிருந்து நேராக மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஏறினேன். சாயங்காலம் கடற்கரையில் நானும் மனைவியும் மட்டும் நடந்தோம். மகள் தூரத்தில் அக்கா பிள்ளைகளோடு அலையில் நின்றிருந்தாள். கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து நின்று, சத்தம் கேட்டவுடன் கூப்பிடவில்லை என்று சொன்னேன். மேசையை இழுத்து வந்ததையும் முட்டுக் கொடுக்கப் பார்த்ததையும் சொன்னேன்.

"எத்தனை நிமிஷம்?"

"பத்து இருக்கும்."

"அவ கயிறு ஆடிட்டு இருந்தா."

"தெரியும். கேட்டுட்டுதான் இருந்துச்சு."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். மகள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். மனைவி பதிலுக்குக் கை ஆட்டினாள்.

"சுவரை இடிச்சதுக்கு நாலு வார்த்தை திட்டி முடிச்சிருப்பேன்" என்றாள். "இதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை."

பிறகு மகளை நோக்கி நடந்தாள். நான் கடைசிப் பேருந்தில் செங்கல்பட்டு திரும்பினேன்.

சென்டரிங் அம்மாள்தான் நல்ல மேஸ்திரி ஒருவரைக் காட்டினாள். படாளம் பக்கம் ஒரு பழைய நெல் குடோனை இடித்தபோது எடுத்த இரும்பு கர்டர் இருப்பதாக அவர் சொல்லி, அதையே கொண்டுவந்து ஏற்றினார். நான் முன்பு திருப்பி அனுப்பிய மேஸ்திரி சொன்னதைத்தான் இவரும் வரிசை மாறாமல் செய்தார். நான் ஓரமாக நின்று பார்த்தேன். மீதிச் சுவர் போயிற்று. நடு அறைக்கு முதல் முறையாக வெயில் வந்தது. பார்க்க வீட்டில் யாரும் இல்லை.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது அவர்கள் திரும்பி வந்தார்கள். மனைவி ஹாலின் நடுவில் நின்று மேலே பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. வீடு முழுவதும் எந்தக் கட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று அளந்து வரைந்து தரும்படி கேட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்றாள். மீதி ஹார்ட்போர்டையெல்லாம் கழற்றி, ஒரு வாரம் ஏணியில் ஏறி இறங்கி, ஆபீசில் வரைவதுபோலவே வரைந்து கொடுத்தேன். அவள் ஏணியில் ஏறி இரண்டு இடங்களில் தானே அளந்து சரிபார்த்தாள். ஒரு இடத்தில் நான் ஒரு அங்குலம் தவறியிருந்தேன்.

அவள் என்னிடம் பழையபடி பேச ஆறு மாதம் ஆயிற்று. மகளிடம் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி நான் அவள் கல்லூரி முடிக்கும்போதுதான் சொன்னேன். அவள், அம்மாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு டிசம்பரில், மழை விட்டதும் ஹாலுக்கு நாங்களே வண்ணம் அடித்தோம். வெளிர் மஞ்சள், மகள் தேர்ந்தெடுத்த நிறம். மேல் வரிசையைத் தானே அடிப்பதாகச் சொல்லி மனைவி ஏணியில் ஏறினாள். நான் கீழே பிடித்திருந்தேன். பிரஷைத் தொட்டியில் தோய்க்கும்போதெல்லாம், "பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் பிடித்திருக்கிறேன் என்று சொன்னேன். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கேட்டாள். மகளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. மனைவி கேட்டு முடிக்கும் வரை பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.