சிலையின் நெற்றியில் குங்குமம்

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்கு நாங்கள் வாழும் யாங்கோனின் பெரிய புத்தர் கோயிலான பகோடாவைச் சுற்றிக் காட்டினேன். அவரவர் பிறந்த கிழமைக்குரிய புத்தர் சிலைக்கு மக்கள் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் நான்கு வயது மகள், எங்கள் கோயில் பழக்கத்தில், தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுச் சிலைக்கு வைத்துவிட்டாள்.

“இந்தியாக்காரிக்கு இங்க என்ன வேலை? போலீஸைக் கூப்பிடுங்க!” என்று ஒருவர் பர்மியில் கத்தினார். கூட்டம் எங்களை வளைத்தது.

“மதினி, ஓடிருவோம்!” என்றாள் நாத்தனார்.

ஓடினால் குற்றமாகிவிடுமே என்று பயந்தேன். “சாமின்னுதான் வச்சா, மன்னிச்சிருங்க” என்று பர்மியில் கெஞ்சியபடியே நீர் ஊற்றினேன். குங்குமம் கரைந்தது. திட்டிக்கொண்டே வழிவிட்டார்கள்.

இப்போது பகோடா வாசலிலேயே மகளின் நெற்றியைத் துடைத்துவிடுகிறேன். போன வாரம் எங்கள் அம்மன் கோயில் வாசலில், நான் சொல்லாமலே, அவளே துடைத்துக்கொண்டாள்.