பால் கணக்கில் ஒரு படகு

வாழ்க்கையில் ஒரே ஒரு படகுக்குத்தான் செலவுக் கணக்குப் போட்டிருக்கிறேன். அதுவரை நான் எந்தப் படகிலும் ஏறியதில்லை. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததுமில்லை. இத்தனை தகுதிகளோடு போட்ட அந்தக் கணக்கு ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் அள்ளிப் போடப் பார்த்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலத்தின் கடைசி வருடங்கள். ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். எங்கள் வட்டாரத்தை அப்போதுதான் ஆபத்து நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்திருந்தார்கள். ஊரடங்கு போயிற்று. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று பால் வாளிக்குள் குச்சியை விட்டுத் துழாவும் வாசல் சோதனையும் போயிற்று. வருடக்கணக்கில் துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய எங்கள் துரைக்குத் திடீரென்று பொழுது போகவில்லை. பாய்மரப் படகு கட்டப் போகிறேன் என்றார்.

மரத்தில் இல்லையாம். ஃபைபர் கிளாஸில். கண்ணாடியை நூலாக்கித் துணியாக்கி, ரெசின் என்ற பிசினில் தோய்த்து அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டினால் படகின் உடம்பு தயார் என்று விளக்கினார். கண்ணாடியில் படகு! எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அமைதி வந்ததில் நஷ்டப்பட்டவர் எங்கள் தோட்டத்துத் தச்சர்தான். காவல் கூண்டும் வேலிக் கம்பமும் செய்துகொண்டிருந்தவருக்கு இனி வேலையில்லை. மாதக் கடைசியில் நிறுத்தப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயரை நானே தட்டச்சு செய்திருந்தேன். மனைவி இங்கே ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க, அவர் எங்காவது பெடாஸ் பக்கம் வேலை தேட வேண்டியதுதான். ஆனால் படகு வேலை நடந்தால், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் பழுது பார்க்கும் வேலை தொடங்கும்வரை அவரை வைத்துக்கொள்வதாகத் துரை சொன்னார். எவ்வளவு சாமான் வேண்டும், என்ன செலவாகும் என்று கணக்கிட வேண்டியவன் நான்.

அச்சுக்காகத் துரையின் நண்பருடைய மரப்படகு ஒன்று போர்ட்டிக்சனிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. கவிழ்த்துப் போட்டோம். அளக்கப் போனால் எங்கே நாடாவை வைத்தாலும் வேறு அளவு. மூக்கு ஒடுங்குகிறது, நடுவயிறு உப்புகிறது; என் வாத்தியார் இப்படியொரு உருவத்துக்குப் பரப்பளவு சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஸ்டோரில் உருளையிலிருந்து வெளிவந்த ஈர ரப்பர் ஷீட்டுகள் எல்லாம் ஒரே அளவு, சொன்னபடி வளையும். அவற்றைக் கொண்டுவந்து படகின் மேல் போர்த்தி எண்ணினேன். ஓரத்தில் தொங்கியதைத் தச்சர் பார்த்து, “இது அரை, இது கால்” என்று கழித்துக்கொண்டே வந்தார். வேட்டி காயப்போட்ட எருமை போல நின்றது படகு. பரப்பளவு கிடைத்துவிட்டது.

சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று விலைப் பட்டியலோடு மாதிரியும் அனுப்பியிருந்தது. செய்து முடித்த தகட்டில் ஒரு துண்டு, அதற்குள் இருக்கும் அளவுக்குக் கண்ணாடித் துணி, ஒரு டின் ரெசின், அதை இறுக வைக்கும் மருந்து. தகட்டைத் தபால் தராசில் நிறுத்தேன். துணியின் எடையைக் கழித்தேன். மிச்சம், காய்ந்த ரெசின். அத்தோடு பேனாவை மூடியிருந்தால் இன்று என்னை மேதை என்று நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆனால் நான் கிராணி அல்லவா? ரப்பர்ப் பால் மூன்று பங்கு ஊற்றினால் காய்ந்த பிறகு ஒரு பங்குதான் நிற்கும், மற்றதெல்லாம் தண்ணீர். பால் எடுப்பவர்களுக்குக் கூலி எழுதுவதே அப்படிக் காய்ந்து நிற்கும் ரப்பருக்குத்தான். இந்த ரெசினும் டின்னில் வருகிற பால்தானே? மூன்றால் பெருக்கினேன். சிந்துவதற்கென்று கொஞ்சம் சேர்த்தேன்.

துரை கணக்கைப் பார்த்துச் சீட்டியடித்தார். “என்னா கிராணி, நான் கப்பலா கேட்டேன்? வேணாம், விட்டுடு.” வேலை நிறுத்தப்படுகிறவர்களின் பட்டியல் அப்படியே சனிக்கிழமைத் தபாலில் போகட்டும் என்றார்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: தச்சரை நான் நினைக்கவேயில்லை. துரையை ஒரு வீண் செலவிலிருந்து காப்பாற்றிய பெருமையில் இருந்தேன். பால் நிறுக்கும் கொட்டகையில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம் அந்த ‘மூன்று மடங்கு’ சூட்சுமத்தை உரக்க விளக்கினேன். வாளியோடு வரிசையில் நின்றவர்களில் தச்சரின் மனைவியும் ஒருவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். தச்சர் கையில், நான் பார்க்கக் கொடுத்திருந்த மாதிரி ரெசின் டின். அந்த அம்மாள் கையில் மரத்தில் பால் பிடிக்கிற மங்கு ஒன்று.

“ஐயா, இது காஞ்சா மூணுல ஒண்ணுதான் நிக்குமா?”

“ஆமாம்மா. பால் மாதிரிதான்.”

“பாலு தண்ணி விடும். இது எங்கய்யா விடுது? நேத்து இவரு இதை வச்சு வாளி ஓட்டைய அடைச்சாரு. சொட்டுத் தண்ணி வரலையே.”

“சும்மா இரு புள்ள, ஐயா படிச்சவரு” என்றார் தச்சர்.

“படிச்சவருதானே, தராசு வச்சிருக்காரு. நிறுத்துப் பாக்கட்டும்லா!”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மங்கில் ரெசினை ஊற்றி, மருந்து கலந்து, கலக்கிய குச்சியோடு நிறுத்து எழுதிக்கொண்டேன். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூக்கைத் துளைக்கும் நெடி. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தேன் போல இருந்தது கூழாயிற்று. அந்த அம்மாள் மங்கைத் தொட்டுக் கையை உதறினார்.

“அம்மாடி, காச்சக்காரன் நெத்தி மாதிரி கொதிக்குது!”

குச்சி தானாக நட்டுக்கொண்டு நின்றது. தராசில் வைத்தேன். முள் பழைய இடத்திலேயே நின்றது. வெயிலில் வைத்தால் விடும் என்றேன், வைத்தோம். மறுநாள் காலை பார்க்கலாம் என்றேன், பார்த்தோம். தச்சர் மங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். தரை நனையவில்லை.

பட்டியல் உறைக்குள் இருந்தது. ஒட்டி அனுப்பிவிட்டால் என் முட்டாள்தனம் எங்கள் மூவரைத் தாண்டாது. தபால்காரர் வரும் நேரம். நான் அந்த உறையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. அந்த அம்மாள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கெஞ்சவில்லை.

உறையையும் ரெசின் இறுகிய அந்த மங்கையும் எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். அவர் அதைத் தட்டினார், முகர்ந்தார், குச்சியைப் பிடித்து மங்கோடு தூக்கினார். அப்புறம் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். உறையைப் பிரித்துப் பட்டியலில் தச்சர் பெயரின் மேல் கோடு போட்டு அடித்தார்.

படகு கட்டப்பட்டது. போர்ட்டிக்சனில் மிதக்கவும் செய்தது. தச்சர் லயத்து வேலையிலும் தொடர்ந்தார். தெரிந்த கணக்கைத் தெரியாத பொருளின் மேல் போடப் போகும்போதெல்லாம் இன்றும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்துக்காக நான் அந்தத் தம்பதிக்குக் கடன்பட்டவன்.

அப்போது இவ்வளவு அடக்கம் கிடையாது. கொட்டகையில் ஒருநாள் தச்சரின் மனைவியிடம், “நான் போய் உண்மையைச் சொன்னதால்தானே வேலை நிலைத்தது?” என்று கேட்டுவைத்தேன்.

அவர் பால் வாளியை என் முன்னால் இறக்கி வைத்தார். “அது சரிங்கய்யா. இத்தன வருசமா எங்க பாலு காஞ்சா எவ்வளவு நிக்கும்னு கணக்குப் போட்டதும் நீங்கதானே?”