இருபத்திரண்டாம் கிணறு

முதலில் வலித்தது கெண்டைக்கால். கார்த்திகை மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, கட்டிலைவிட்டு இறங்கியபோது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. தூக்கத்தில் யாரோ இரண்டு கால்களிலும் ஏறி நின்று மிதித்ததுபோல இருந்தது. ‘நீச்சல் அதிகம், தசைச் சோர்வு’ என்று நாட்குறிப்பில் எழுதினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அந்தக் குறிப்பு தவறு. அதற்கு ஒன்பது நாள் முன்பு எழுதிய குறிப்போ பொய். காய்ச்சலோடு மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு நீச்சல் கற்றுத்தந்தவள் எமிலி. போத்தனூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், என்னை அக்கா என்பாள்.

நீச்சல் குளத்தின் குளோரின் நாற்றம் எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை. அதனால் தோட்டத்துக் கிணறுகளுக்குப் போனோம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெட்டிச் சதுரமாக இறக்கியவை. ஒரு வீட்டையே உள்ளே வைக்கலாம். ஐப்பசி மழையில் நிறையும், மாசியில் வற்றத் தொடங்கும். அந்த ஒரு பருவத்துக்குள் முப்பது கிணறுகளில் நீந்த வேண்டும் என்பது என் இலக்கு. சுவரைத் தொடாமல் ஒரு மணி நேரம் நீரில் இருக்க வேண்டும் என்பது எமிலியின் இலக்கு. ஞாயிறுதோறும் போனோம். சில ஞாயிறுகளில் நான்கு கிணறு.

அன்னூர்ப் பக்கம் முதல் கிணற்றின் சொந்தக்காரம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க, டவுனுல இருந்து குளிக்கறதுக்கா இத்தன தூரம் வந்தீங்க? ஊட்டுல பாத்ரூம் இல்லீங்களா?”

“இருக்குதுங்க,” என்றாள் எமிலி. “அதுல நீந்துனா முட்டி இடிக்குதுங்க.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “சேரி, எறங்குங்க அம்மணி. ஒரு கை அள்ளிக் குடிச்சுப்போட்டு எறங்குங்க. குடிக்காம காலை வெச்சா எங்க தண்ணிய அசிங்கம்னு சொன்ன மாதிரியாயிரும்.”

எங்களுக்கு அது பிடித்துப்போனது. எல்லாக் கிணற்றிலும் அதையே வழக்கமாக்கிக்கொண்டோம். கிணற்றுக்காரர் மேலே நின்று பார்க்க, கடைசிப் படியில் குனிந்து ஒரு கை நீர் குடிப்போம். அவர் முகம் மலரும். அதைப் பண்பாடு என்று நினைத்தோம்.

இருபத்திரண்டாம் கிணறு சத்தியமங்கலம் சாலையில் இருந்தது. முந்தைய நாள் நல்ல மழை. தோட்டக்காரர் கைபேசியில் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். “தேனாட்ட இருக்குமுங்க! குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க!” என்று மேலிருந்து குரல் கொடுத்தார். நான் முதலில் இறங்கினேன். கடைசிப் படிக்கு ஒரு முழத் தொலைவில், மோட்டார் குழாயை ஒட்டி, ஒரு பெருச்சாளி வயிறு ஊதி மிதந்துகொண்டிருந்தது. மயிர் உதிர்ந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

அப்போது நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மிதந்துவந்த ஒரு தென்னம்பாளையை எடுத்து அந்தப் பெருச்சாளியைக் குழாய்க்குப் பின்னால் தள்ளினேன். நீரை இரண்டு முறை கையால் விலக்கினேன். ஒரு கை அள்ளிக் குடித்தேன். மேலே பார்த்து, “தேனாட்டத்தானுங்க இருக்குது” என்றேன். எனக்குப் பின்னால் இறங்கிவந்த எமிலிக்கு ஒதுங்கி இடம் விட்டேன். அவளும் குடித்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று பின்னர் பலர் கேட்டார்கள். அந்த மனிதர் முகம் சுருங்கிப்போகுமே என்று நினைத்தேன். திரும்பி ஏறினால் அன்றைய எண்ணிக்கை குறையுமே என்றும் நினைத்தேன். எது முதலில் தோன்றியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன்: ‘22. ஆழம் நன்று. நீர் குளிர்ச்சி, தெளிவு.’

அடுத்த ஞாயிறு மழையால் எங்கும் போகவில்லை. செவ்வாயன்று கால் வலி. அன்று மாலையே குளிர்காய்ச்சல். புதனன்று கண்ணின் வெள்ளை முழுதும் சிவந்தது. பீளை இல்லை, வெறும் சிவப்பு. தெருமுனை மருத்துவர் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். நான் கிணற்றைப் பற்றிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வியாழனன்று எமிலி தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, எனக்கும் காய்ச்சலுங்க. பள்ளிக்கூடத்துல பாதிப் பேருக்கு இருக்குது. ரெண்டு மாத்திரை போட்டுப் படுத்துட்டேன். இருபத்திமூணாவதுக்கு வாரேன், என்னை விட்டுப்போட்டுப் போயிராதீங்க.”

வெள்ளியன்று சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. சனிக்கிழமை காலை அதுவும் இல்லை. என் கணவர் காரில் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வழியில் இரண்டு முறை பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்தேன். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இதுதான் என் உடம்பின் உள்ளே இருப்பது என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

மருத்துவர் இளம்பெண். என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், கெண்டைக்காலை அமுக்கினார். நான் கத்தினேன்.

“சமீபத்துல கொளம், கெணறு, சாக்கடைன்னு எங்காச்சும் எறங்குனீங்களா?”

கணவர் பெருமையோடு என் நோட்டை எடுத்து நீட்டினார். எப்போதும் என் கைப்பையில் இருப்பது அது. மருத்துவர் புரட்டினார். “எல்லாக் கெணறும் தெளிவுன்னு எழுதியிருக்கீங்க. எலி, செத்த பிராணி ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சுங்களா?”

“இல்லீங்க.”

“கூட எறங்குனவங்க நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க.”

இரண்டு பொய்கள். எமிலியை வரச் சொன்னால் அந்தக் கிணற்றைப் பற்றிப் பேச்சு வரும், பேச்சு வந்தால் நான் பாளையால் தள்ளியதும் வரும். அந்த வலியிலும் வாந்தி நாற்றத்திலும் என் மூளை இந்தக் கணக்கை மட்டும் சுத்தமாகப் போட்டது. என் உடம்பில் எனக்கு இன்றும் அருவருப்பான உறுப்பு அதுதான்.

மருத்துவர் என் சொல்லை நம்பிக் காத்திருக்கவில்லை. லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல், எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கிருமி தொற்றுகிற நோய்) என்று சந்தேகித்து அப்போதே ஊசி மருந்தைத் தொடங்கினார். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, சிறுநீரகம் சோர்ந்தால் இரத்தத்தில் தேங்கும்) மிகவும் கூடியிருந்தது. கதீட்டர் (சிறுநீர்ப் பையிலிருந்து நீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாய்) செருகினார்கள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் பழுப்பாக ஒரு விரலளவு சேர்ந்தது. பார்க்க வந்த உறவினர்கள் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகு ஆரஞ்சுப் பழத்தை அதன் பக்கத்திலேயே வைத்தார்கள்.

ஞாயிறு மதியம் கணவரின் தங்கை சிரித்துக்கொண்டே கைபேசியை நீட்டினாள். “அண்ணி, நீங்க பேமஸ் ஆயிட்டீங்க. குரூப்புல சுத்துது பாருங்க.” தோட்டக்காரர் எடுத்த வீடியோ. நீலக் குல்லாய் அணிந்த ஒரு பெண் கையை வாயில் வைத்துக் குடித்து, மேலே பார்த்து, தேனாட்டத்தானுங்க இருக்குது என்கிறாள். அதற்குச் சற்று முன் அவள் கை ஒரு பாளையைப் பிடித்து எதையோ தள்ளுகிறது. எது என்று தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். உண்மையில், எமிலி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுவாள் என்ற பயத்தில்தான் அவளை அழைத்தேன்.

எமிலியின் கணவர் எடுத்தார். அவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், நிதானமாகப் பேசுவார். “தூங்கறாளுங்க. நேத்துல இருந்து ஒண்ணுக்கே போகல. தண்ணி கம்மியாக் குடிச்சிருப்பாளாட்ட இருக்குது.” அவளை எழுப்பிப் போனைக் காதில் வைக்கச் சொன்னேன். பெருச்சாளியைப் பற்றிச் சொன்னேன்.

“எலிய நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்துப்போட்டு எனக்கு எடம் வேற விட்டீங்களே அக்கா.”

அன்று மாலை அவளை அதே மருத்துவமனையில் சேர்த்தார்கள். எனக்கு ஊசி மருந்தோடு நின்றது, அவளுக்கு நிற்கவில்லை. டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தின் வழியே ஓட்டிக் கழிவை நீக்குவது) நான்கு முறை செய்ய வேண்டியிருந்தது. மஞ்சள் காமாலையும் சேர்ந்தது. மருத்துவரிடம் இரண்டு பொய்களையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

“செத்த எலி பெருசில்லீங்க. உசுரோட இருக்கற எலிங்க மூத்திரம் போயிருக்கும், மழைத்தண்ணி அதையெல்லாம் அடிச்சுட்டு வந்து கெணத்துல சேத்திருக்கும். தெளிவாத்தான் தெரியும். வாய் வழியாவும் போயிருக்கலாம், படியில ஒரசி உங்க முட்டியில ஆன சிராய்ப்பு வழியாவும் போயிருக்கலாம். ஆனா சனிக்கிழமை மத்தியானமே அந்தம்மா வந்திருந்தா மருந்தை ஒரு நாள் முன்னாடி ஆரம்பிச்சிருப்பேன்.”

“அந்த ஒரு நாளுல டயாலிசிஸ் இல்லாமப் போயிருக்குமுங்களா?”

“தெரியலீங்க. அதை யாராலயும் சொல்ல முடியாது.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கதீட்டரை எடுத்த பிறகு, தினமும் டயாலிசிஸ் பிரிவின் வாசலில் போய் உட்கார்ந்தேன். உள்ளே போக எமிலி அனுமதிக்கவில்லை. அங்கே காத்திருப்பவர்கள் பேசுவதெல்லாம் சிறுநீரைப் பற்றித்தான். எத்தனை மில்லி, என்ன நிறம், நுரை உண்டா. முதல் நாள் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. மூன்றாம் நாள் நானும் கேட்டேன். ஒரு காலையில் எமிலியின் கணவர் அளவுக் குவளையைக் கையில் ஏந்தி வெளியே ஓடிவந்தார்.

“முந்நூறுங்க! முந்நூறு போயிட்டாளுங்க!”

வாசலில் இருந்த எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். இளமஞ்சள். ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த ஒரு கணம்தான் அருவருப்பு இல்லாமல் கழிந்தது.

மார்கழியில் அவள் வீடு திரும்பினாள். தையில் போத்தனூருக்குப் போய் அவளைப் பார்த்தேன். கழுத்தில் குழாய் போட்ட தழும்பு. தலைமுடி பாதி உதிர்ந்திருந்தது. கண்கள் மட்டும் பழைய வெள்ளை.

“கோவமெல்லாம் இல்லீங்க அக்கா,” என்றாள். “உங்களப் பாத்தா வயித்தப் பொரட்டுது, அவ்வளவுதான். டாக்டர்கிட்டயும் கேட்டுப்போட்டேன். அதுக்கு மருந்து இல்லியாம்.”

அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்தேன். அவள் வாசல்வரை வந்து, “மாசா மாசம் ரத்தம் டெஸ்ட் பண்றனுங்க. கிரியாட்டினின் நம்பர் மட்டும் அனுப்பறேன். நீங்களும் அனுப்புங்க. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்,” என்றாள்.

இதைப் படிப்பவர்களுக்கு: மழைநீரிலோ தேங்கிய நீரிலோ இறங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், இறங்கிய இடத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். கூட இறங்கியவரின் பெயரைச் சொல்லுங்கள். உங்களைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

என் சிறுநீரகம் சரியாகிவிட்டது. ஆனால் உடம்பு எனக்குச் சொந்தமானது என்ற எண்ணம் போய்விட்டது. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு பாத்திரம்போல அதைத் தினமும் மோந்து பார்க்கிறேன். சனிக்கிழமை மதியம் வந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஞாயிறு மாலைவரை அந்த நேரம் மற்ற நேரங்களைவிட மெதுவாக நகர்கிறது.

மாதத் தொடக்கத்தில் என் எண்ணை அனுப்பிவிட்டேன். அவளுடையது இன்று காலை வந்தது. போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சம்தான், மருத்துவரைக் கேட்டால் வெயிலில் உடம்பில் நீர் வற்றியதால் இருக்கலாம் என்பார். பதிலாக எதையும் எழுதக் கூடாது. அடுத்த எண் வர இன்னும் முப்பது நாள்.